முன்னோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவரா? முதலில் கப்பலின் பெயரைத் தேடுங்கள்

1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமான கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அதில் ஜான் ஸ்மித், மேரி பிரவுன் மாதிரிப் பெயர்கள் ஏராளம் என்பதால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் யாரோ ஒருவரை உங்கள் கொள்ளுத்தாத்தா என்று நம்பிவிடுவீர்கள். கப்பலின் பெயரும் அது வந்து சேர்ந்த ஆண்டும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அங்கே போன பிறகு எழுதப்பட்ட பதிவுகளில் பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்திலேயே கப்பலையும் குறித்திருப்பார்கள்.

லண்டனில் தண்டனை பெற்றவர் என்றால் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான விசாரணைப் பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

டாஸ்மேனியாவுக்குப் போனவர் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அங்குள்ள நடத்தைப் பதிவேட்டில் குடித்தது, ஓடிப்போனது, அதற்குக் கிடைத்த தண்டனை எல்லாம் தேதியோடு இருக்கும். அடையாளக் குறிப்பையும் விட்டுவிடாதீர்கள்: உயரம், கண்ணின் நிறம், தழும்பு, கையில் குத்திய பச்சை வரை எழுதியிருப்பார்கள். அந்தப் பச்சையில் உள்ள முதலெழுத்துகள் சில சமயம் ஊரில் விட்டுவந்த மனைவியுடையதாகவோ பிள்ளைகளுடையதாகவோ இருக்கும், அதைப் பிறந்த ஊரின் தேவாலயப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் விடுப்புச் சீட்டு (தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வேலை செய்து பிழைக்கக் கைதிக்குக் கொடுத்த அனுமதி), மன்னிப்பு, விடுதலைச் சான்றிதழ், திருமண அனுமதி என்று வரிசையாகத் தேடுங்கள். விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் இணையதளத்தில் பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன.