நீலகிரித் தைலம்: மூன்று துளி போதும்

ஊட்டி போய் வந்தவர்கள் வீட்டில் எல்லாம் ஒரு தைலப் பாட்டில் இருக்கும். வாங்கி வந்த கையோடு அலமாரியில் வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் மாதிரி உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்ப்பார்கள். இரண்டுமே வேண்டாம். எப்படிப் பயன்படுத்துவது என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தத் தைலம் யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து வருவது. நீலகிரியில் அந்த மரத்தைக் கற்பூர மரம் என்பார்கள். ஆஸ்திரேலிய மரம்தான். 1843 வாக்கில் விறகுத் தேவைக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டார்கள். இலையை நீராவியில் வாட்டினால் தைலம் பிரிந்து வரும்; நூறு கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் கிடைக்கும். அதில் பெரும்பங்கு சினியோல் என்கிற பொருள். மூக்கில் ஜில்லென்று ஏறுவது அதுதான். புதுக்கோட்டைப் பக்கம் காகித ஆலைக்காக வளர்க்கும் தைல மரம் இதே குடும்பம், ஆனால் வேறு ரகம்.

முதலில் சோதனை

வெள்ளைத் தாளில் ஒரு துளி தைலம், பக்கத்திலேயே ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு, இரவு அப்படியே வைத்துவிடுங்கள். காலையில் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் விழுந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். தைலம் விழுந்த இடத்தில் கறையே இருக்கக்கூடாது, முழுக்க ஆவியாகியிருக்க வேண்டும். அங்கேயும் எண்ணெய்த் தடம் இருந்தால் ஏதோ மலிவான எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். டர்பன்டைன் கலந்திருந்தால் இதில் தெரியாது, அதுவும் ஆவியாகிவிடும். பெயிண்ட் வாடை அடிக்கிறதா என்று மோந்துதான் பார்க்க வேண்டும்.

ஆவி பிடிக்க

தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசை மேல் வையுங்கள். மடியிலோ கட்டிலிலோ வைக்கவே கூடாது, ஆவி பிடிக்கும்போது தீக்காயம் படுவது பெரும்பாலும் பாத்திரம் கவிழ்ந்துதான். இரண்டு நிமிடம் ஆறட்டும். அப்புறம் மூன்று துளி, அவ்வளவுதான். தைலம் தண்ணீரில் கரையாது, மேலேயே மிதக்கும், சூடு பட்டதும் மொத்தமாகக் கிளம்பும். எங்கள் அப்பத்தா ஒருமுறை ஒரு மூடி நிறைய ஊற்றிவிட்டு, போர்வைக்குள் போன வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார், அரை மணி நேரம் கண்ணீர் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்து ஐந்து நிமிடம் பிடித்தால் தாராளம். மூக்கு திறந்த மாதிரி இருக்கும். சளி கரைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறது. ஆனாலும் அந்த நேரத்துக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பிடிக்க வேண்டாம், சிலருக்கு இழுப்பு அதிகமாகும்.

உடம்பில் தடவ

நேராகத் தடவினால் தோல் எரியும். 30 மி.லி. தேங்காய் எண்ணெயில் பன்னிரண்டு துளி கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் கை கால் வலிக்குத் தேய்க்கலாம்.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் மூக்கிலோ முகத்திலோ நெஞ்சிலோ தடவாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மூச்சுத் திணறல் வரலாம். வெந்நீரில் இரண்டு துளி விட்டுக் குடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீர்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வீட்டு வேலைக்கு

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஸ்டிக்கரைப் பிய்த்ததும் பிசுபிசுவென்று பசை நிற்கும் இல்லையா, நகத்தால் சுரண்டினால் கருப்பாகத் திரளுமே, அதன்மேல் பஞ்சில் நனைத்த தைலத்தை வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். துடைத்தால் பசை அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அடுப்பு எரியும்போது பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும்.

வைப்பதற்குக் கருப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்தான் சரி. ரப்பர் குமிழ் வைத்த மூடி வேண்டாம், நாளாக நாளாக ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துவிடும். திருகு மூடி போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.