வைகாலரில் பழைய கல் பாலத்தைப் பார்க்க

இங்கிலாந்தின் லங்காஷையரில், கோல்ன் நகருக்குப் பக்கத்தில் உள்ள வைகாலர் குக்கிராமத்துக்குப் போனால், இரட்டை வளைவுப் பொதிகுதிரைப் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். இடிந்து நிற்கும் வைகாலர் மாளிகையைத் தாண்டி, ஓடையை ஒட்டியே மேல்நோக்கி இன்னும் சில நிமிடம் நடங்கள். ஊரிலேயே மிகப் பழையது என்று கருதப்படும் கிளாம் பாலம் அங்கேதான் இருக்கிறது. ஓடையின் குறுக்கே கிடத்திய ஒற்றைக் கற்பலகை, அவ்வளவுதான். இந்த ஓடையின் மேலுள்ள மூன்று பழைய கல் பாலங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இந்த மூன்றும் ஒரே ஓடையின் மேல் இருப்பதால் வரைபடமோ வழிகாட்டியோ தேவைப்படாது, தண்ணீர்தான் வழி. பொதிகுதிரைப் பாலமும், தூண்கள்மேல் பலகைக்கல் பரப்பிய கிளாப்பர் பாலமும் வீடுகளை ஒட்டி அடுத்தடுத்து இருக்கின்றன. கிளாம் மட்டும் தள்ளி இருப்பதால் பலர் அதைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம், வெளியூர்க் கார்களை ஊருக்குள் விடுவதில்லை. வெளியே நிறுத்திவிட்டு எப்படியும் நடந்துதான் வரவேண்டும் என்பதால், இந்தக் கூடுதல் நடையையும் ஒரே சுற்றில் முடித்துக்கொள்ளலாம்.

பெருமழைக்குப் பிறகு இது சரிவராது. கிளாம் பாலத்தில் கைப்பிடி கிடையாது, ஈரக்கல் நன்றாக வழுக்கும். குழந்தை வண்டியோடு வருபவர்களும் நடக்கச் சிரமப்படுபவர்களும் மாளிகை வரை பார்த்தாலே போதும். மற்ற இரண்டு பாலங்களும் அதற்குள் வந்துவிடும்.