கூட்டுச் சிலந்தி வலையில் பற்றீரியா தேடுவோர் விடும் பிழைகள்

மீன் வெட்டும்போது விரலில் கத்தி பட்டால் என் அம்மம்மா அடுப்படிக் கூரையில் தொங்கும் சிலந்தி வலையைச் சுருட்டி எடுத்து அப்பிவிடுவார். இரத்தம் நிற்கும்தான். ஆனால் தூசியும் பூச்சிக் கால்களும் புண்ணுக்குள் போகும். இன்று யாரும் அதைச் செய்யவேண்டாம். வலையில் கிருமி அண்டாது என்ற அதே நம்பிக்கை, கூட்டாக வாழும் சிலந்திகளின் வலையிலுள்ள பற்றீரியாவை ஆய்வுக்கு எடுக்கும் பிள்ளைகளிடமும் இருக்கிறது.

முதற்பிழை சிலந்தியிலேயே நடக்கிறது. கிழக்கிலங்கையின் வாகரைப் பக்கத்துப் பற்றைகளில் நெருக்கமாகப் பல வலைகளைக் கண்டதும் 'சமூகச் சிலந்தி' என்று எழுதிவிடுகிறார்கள். கூடாரம்போல வலை கட்டும் சைர்ட்டோபோராச் சிலந்திகள் வெறும் அயலவர். வலைகள் முட்டிக்கொண்டாலும் ஆளுக்கொரு வீடு. ஒரே கூட்டில் வாழ்ந்து சேர்ந்தே இரை பிடிப்பது ஸ்டெகோடைபஸ் சரசினோரம் என்ற சிலந்தி. இலங்கையில் ஆய்வு செய்த சரசின் என்ற சுவிஸ்காரர் இருவரின் பெயரால் 1892இல் இது விபரிக்கப்பட்டது.

அடுத்ததுதான் ஆய்வையே கவிழ்ப்பது. ஒரு கூட்டிலிருந்து பத்துச் சிலந்தி பிடித்துப் 'பத்து மாதிரி' என்று கணக்கெழுதுவது. அங்கே எல்லாம் சொந்தக்காரர்; உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து, கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்று வளரும் குடும்பம். ஆபிரிக்காவிலுள்ள இதன் உறவினமான ஸ்டெகோடைபஸ் டூமிக்கோலாவில், ஒரு கூட்டுக்காரரின் பற்றீரியாக்கள் ஒன்றுபோலவும் கூட்டுக்குக் கூடு வேறாகவும் இருப்பது தெரிந்திருக்கிறது. ஆகவே பத்துச் சிலந்தியானாலும் மாதிரி ஒன்றுதான். பத்து வேண்டுமானால் பத்துக் கூடு தேட வேண்டும். வெயிலில் அலையத்தான் வேண்டும், என்ன செய்ய?

கூடென்பது நூல் மட்டுமல்ல. காய்ந்த இலை, தின்ற பூச்சியின் ஓடு, எச்சம், காற்றில் வந்த மண் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்த எல்லாவற்றையும் 'வலையில் வாழும் பற்றீரியா' என்றால், வாசலில் நின்றவரையும் குடும்ப அட்டையில் சேர்த்த கதைதான். பக்கத்துக் கிளையிலும் ஒற்றுங்கள். எதையும் தொடாத குச்சி ஒன்றையும் கூடவே கொண்டு வாருங்கள். அதிலும் அதே பற்றீரியா வந்தால் அது உங்கள் கைவேலை.

அப்புறம் பற்றீரியா வளர்க்கும் ஏகார் கிண்ணம். அதில் முளைத்ததை மட்டும் எண்ணினால் பெரும்பகுதி தப்பிவிடும். கலத்துக்குள் ஒளிந்து வாழும் றிக்கெற்சியா போன்ற பற்றீரியாக்கள் அங்கே தலைகாட்டவே மாட்டா. டிஎன்ஏ வழியாகத்தான் பிடிபடும்.

கிண்ணத்தில் வைத்த சிலந்தி நூலைச் சுற்றி எதுவும் முளைக்கவில்லையா? உடனே 'கிருமிகொல்லி' என்று துள்ளவேண்டாம். நூலைக் கழுவிய அசற்றோன் என்ற கரைப்பான் முழுதாக ஆவியாகாமல் நின்றாலும் பற்றீரியா சாகும். அசற்றோன் மட்டும் விட்ட கிண்ணமொன்று பக்கத்தில் இருந்தால் இது விளங்கிவிடும். பல இனங்களின் நூலைக் கவனமாகச் சோதித்தபோது கொல்லும் சக்தி எதுவும் தெரியவில்லை. 2019இல் வெளியான ஆய்வொன்று வேறு காரணம் காட்டியது: நூலிலுள்ள நைதரசனைப் பற்றீரியாவால் எடுக்க முடிவதில்லை. கொல்லப்படவில்லை, சாப்பாடு கிடைக்கவில்லை. நைதரசனை வேறாகக் கொடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கட்டுரையில் மேற்கோள் எடுக்கும்போதும் ஒரு கண் இருக்கட்டும். சமூகச் சிலந்திகளின் நடத்தை பற்றிய சில கட்டுரைகள், தரவில் கோளாறு தெரிந்ததால் 2020 முதல் மீளப்பெறப்பட்டன. பழைய பிரதிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.