மூன்று பன்றியும் அரை ஏக்கர் காய்கறியும்: இரண்டு ஏக்கர்காரருக்கு ஒரு வழி

பன்றி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது குட்டி என்ன விலை, எத்தனை மாதத்தில் விற்கலாம் என்பதைத்தான். நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்வி. உங்கள் நிலத்தில் எவ்வளவு தீவனம் விளையும், உங்கள் காய்கறித் தோட்டம் எவ்வளவு எருவைத் தாங்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எத்தனை பன்றி என்பது தானாக வந்துவிடும். அதை விட்டுவிட்டு இருபது குட்டியை இறக்கிவிட்டு, தீவனத்துக்கு ஊரெல்லாம் ஹோட்டல் மிச்சத்துக்கு அலைந்துகொண்டு, சாணத்தை எங்கே கொட்டுவது என்று பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது இயற்கை விவசாயம் இல்லை.

கணக்கு இப்படி வரும். பத்துப் பதினைந்து கிலோ எடையில் வாங்கும் வெண்பன்றிக் குட்டி 90 கிலோவுக்கு வர ஏறக்குறைய 280 முதல் 300 கிலோ தீவனம் தின்னும். மூன்று பன்றி என்றால் 900 கிலோ, அதில் பாதி மக்காச்சோளம். மானாவாரியில் சுமாராக விளைந்தாலும் அரை ஏக்கர் சோளம் அதைக் கொடுத்துவிடும். மறுபக்கம், வளரும் பன்றி ஒன்று நாளைக்கு 2 முதல் 3 கிலோ சாணம் போடும், மூத்திரம் தனி. மூன்று பன்றியின் சாணத்தைக் கூளத்தோடு சேர்த்து மக்க வைத்தால் அரை ஏக்கர் காய்கறிக்குப் போதும். ஆக, இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மூன்று பன்றி சரியான அளவு. ஒன்றே ஒன்று வேண்டாம், பன்றி கூட்டத்தோடு வாழும் பிராணி, தனியாக விட்டால் சரியாகத் தின்னாது. தாய்ப்பன்றி வைத்துக் குட்டி எடுப்பதும் முதல் இரண்டு வருடம் வேண்டாம். 114 நாள் சினை, ஈற்றுக்குப் பத்துக் குட்டி, முதல் வாரம் தாய் புரண்டு நசுக்காமல் பார்த்துக்கொள்வது, சிமென்ட் தரையில் பிறந்த குட்டிக்கு இரும்புச்சத்து ஊசி, காயடிப்பது என்று அது தனி வேலை.

குட்டி வாங்கும்போது எட்டு வாரம் ஆனதாக, பால் மறந்து தானாகத் தீவனம் தின்பதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்றும் ஒரே ஈற்றுக் குட்டிகளாக இருந்தால் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்வது குறையும். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி நடத்துகிறார்கள், ஒருமுறை போய்வந்தால் நல்லது. லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் என்ற வெண்பன்றி இனத்தோடு நாட்டுப் பன்றி ரத்தம் கொஞ்சம் கலந்த குட்டி நம் வெயிலைத் தாங்கும், வெளியே விட்டு வளர்ப்பவர்களுக்கு அதுதான் தோது.

கொட்டகைக்குப் பெரிய செலவு வேண்டாம், ஆனால் தகர ஷீட் மட்டும் போடாதீர்கள். பன்றிக்கு உடம்பைக் குளிரவைக்கும் அளவுக்கு வியர்க்காது. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே நின்றால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தீவனத்தைத் தொடாது, சில நேரம் செத்தே போகும். தென்னங்கீற்றோ பனை ஓலையோ போட்டு, கிழக்கு மேற்காக நீளம் வைத்து, பக்கத்தில் ஒரு மரம் இருந்தால் போதும். ஒரு பன்றிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் நிழலான இடமும், வெளியே அதைப்போல இரண்டு மடங்கு திறந்த இடமும் வேண்டும். சேற்றுக்குழி அவசியம், அது சுகத்துக்கு இல்லை, உடம்புச் சூட்டைத் தணிக்க.

பன்றி அழுக்கான பிராணி என்று சொல்பவர்கள் அதற்கு இடம் கொடுத்துப் பார்க்காதவர்கள். படுக்கும் இடத்தில் அது சாணம் போடாது. குட்டி இறக்கும் நாளுக்கு முந்தின நாளே படுக்கும் பக்கத்தில் காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் போட்டுவிடுங்கள், எதிர் மூலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, வேறு பன்றியின் சாணம் கிடைக்குமே என்று எடுத்துவந்து வைக்காமல் (நோய் கூடவே வரும்) இவற்றின் முதல் சாணத்தையே அங்கே தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் எல்லாம் அந்த மூலைக்கே போகும். அப்புறம் உங்களுக்குக் கூட்டுகிற வேலை பாதி.

தீவனத்துக்கு வருவோம். 100 கிலோ கலக்க மக்காச்சோளம் 50, தவிடு 22, கடலைப்புண்ணாக்கு 15, சோயாப்புண்ணாக்கு 10, தாது உப்பு இரண்டரை, சாப்பாட்டு உப்பு அரை கிலோ. வளர வளரப் புண்ணாக்கைக் குறைத்துச் சோளத்தைக் கூட்டலாம். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சணம் பிடித்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு ஜவ்வரிசி ஆலைத் திப்பி (மரவள்ளிக்கிழங்குச் சக்கை) கிடைக்கும், அது வயிற்றை நிரப்பும், புரதம் கிடையாது என்பதை நினைவில் வைத்துக் கொடுக்க வேண்டும். மரவள்ளித் தோலையும் இலையையும் பச்சையாகப் போடாதீர்கள், நறுக்கி நன்றாகக் காயவைத்துத்தான் போட வேண்டும், பச்சையில் சயனைடு இருக்கிறது. இதோடு தோட்டத்தில் கழிகிற பூச்சிக் கத்தரி, முற்றின வெண்டை, பூசணி, சர்க்கரைவள்ளிக் கொடி, அசோலா எல்லாம் போடலாம். ஆனால் பன்றி மாடு இல்லை, வெறும் பச்சையில் எடை ஏறாது. தண்ணீர் எந்த நேரமும் இருக்க வேண்டும்.

ஹோட்டல் மிச்சம் போடலாமா? நம் ஊரில் பாதிப் பண்ணை அதில்தான் ஓடுகிறது, தெரியும். என்னைக் கேட்டால் வேண்டாம். அதைத் தின்று வளர்ந்த பன்றியை இயற்கைப் பன்றி என்று விற்பது ஏமாற்று, அது ஒரு பக்கம். ஊறுகாயும் உப்பும் அதிகமாகி, தண்ணீரும் குறைந்தால் வலிப்பு வந்து சாகும், அது இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் விடப் பெரியது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் வந்தது, 2022இல் வயநாட்டுக்கு வந்தது, 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தன. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு வந்தால் பட்டியே காலி, மருந்து கிடையாது. வேகாத இறைச்சித் துண்டு ஒன்று போதும் அதைக் கொண்டுவர. வீட்டு மிச்சமாக இருந்தாலும் அரை மணி நேரமாவது கொதிக்கவைத்துப் போடுங்கள். வியாபாரியின் வண்டியை வேலிக்கு வெளியே நிறுத்துங்கள், வேறு பண்ணைக்குப் போய்வந்த செருப்போடு யாரையும் உள்ளே விடாதீர்கள், மாமன் மச்சானாக இருந்தாலும். காட்டோரம் இருப்பவர்கள் இரட்டை வேலி போட்டே ஆக வேண்டும்.

இயற்கை முறை என்பதால் தடுப்பூசி கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. சான்றளிப்பு விதிகளே தடுப்பூசியை அனுமதிக்கின்றன. சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கும் கோமாரிக்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். குடற்புழு நீக்கமும் அப்படித்தான். நீங்கள் தவிர்க்க வேண்டியது எடை ஏறட்டும் என்று தீவனத்தில் கலக்கிற ஆன்டிபயாடிக்கை.

எருதான் இந்த ஏற்பாட்டின் உயிர், அதனால் இதை நிதானமாகச் செய்யுங்கள். பச்சைச் சாணத்தைக் காய்கறிக்குப் போடாதீர்கள், வேரும் கருகும், புழு முட்டையும் கிருமியும் கீரையில் ஏறும். உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஒரு பங்கு சாணத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த பொருள், அதாவது வைக்கோல், கரும்புத் தோகை, சருகு, தென்னை நார்க்கழிவு என்று கிடைப்பதைச் சேர்த்து நாலடி உயரத்துக்குக் குவியுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள், கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரியாக வேலை நடக்கிறது. கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால் காய்ந்த பொருள் பத்தவில்லை. 55 டிகிரிக்கு மேல் 15 நாள் சூடு நிற்க வேண்டும், அந்த நாட்களில் ஐந்து முறையாவது வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டிப்போட வேண்டும். பிறகு இரண்டு மாதம் நிழலில் ஆறவிட்டால் மண்வாசனையோடு பொலபொலவென்று ஆகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாடாப்புழு பன்றிக்கு வருவது மனித மலத்திலிருந்து. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் வெளியில் ஒதுங்கினால், வெளியே மேயும் பன்றி அதைத் தின்றால், இறைச்சியில் கட்டி வரும், அதை அரைவேக்காட்டில் தின்றவருக்குப் புழு வரும். எனவே கொட்டகை கட்டும் முன்பே கழிப்பறை கட்டுங்கள்.

காய்கறி நிலத்தில் பன்றியை விடுவதும் உண்டு, ரசாயனம் இல்லாமல் கோரைக் களையை ஒழிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. தைப்பட்ட வெண்டை முடிந்து சித்திரையில் நிலம் சும்மா இருக்கும்போது, பத்து சென்ட் அளவுக்குக் கம்பி வலை கட்டி உள்ளே விட்டால், மூக்கால் கிளறிக் கோரைக்கிழங்கைத் தேடித் தேடித் தின்னும். வலையின் அடிப்பக்கத்தை அரையடி மண்ணுக்குள் புதையுங்கள், பன்றி தாண்டாது, தூக்கிவிட்டுத்தான் வெளியே போகும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மழை பெய்த களிமண்ணில் மட்டும் விடாதீர்கள், மண் இறுகிவிடும்.

பன்றி மேய்ந்த இடத்தில், பச்சை எருவுக்கு அமெரிக்க அங்கக (இயற்கை வேளாண்) விதி சொல்லும் கணக்கையே நானும் கடைப்பிடிக்கிறேன்: மண்ணைத் தொடும் காய்க்கு 120 நாள், தொடாத காய்க்கு 90 நாள் கழித்துத்தான் அறுவடை. நம் பட்டத்துக்கு இது இயல்பாகப் பொருந்தும். சித்திரைக் கடைசியில் பன்றியை எடுத்ததும் கோடை மழைக்குப் பசுந்தாள் உரமாகச் சணப்பை விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள். ஆடியில் பந்தலில் பீர்க்கனும் புடலையும், அது காய்க்க ஆவணி முடிந்துவிடும். முள்ளங்கி, கீரை எல்லாம் புரட்டாசிக்குப் பிறகு.

சான்றிதழ் வேண்டுமென்றால் காய்கறிக்கு வாங்குங்கள், தமிழ்நாட்டு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்து, பருவப் பயிருக்கு இரண்டு வருட மாற்றுக்காலம் (ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் காலம்) காத்திருக்க வேண்டும். பன்றிக்கு வாங்கத் தீவனமும் அங்ககமாக இருக்க வேண்டும், மூன்று பன்றிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. என்ன தீவனம் போட்டீர்கள் என்று வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லி விற்றால் போதும்.

ஏழெட்டு மாதத்தில் 90, 100 கிலோவுக்கு வந்ததும் விற்றுவிடுங்கள். அதற்கு மேல் தின்பதெல்லாம் கொழுப்பாகத்தான் போகும், தீவனச் செலவு எகிறும். கிறிஸ்துமஸுக்கு நல்ல விலை எதிர்பார்ப்பவர்கள் வைகாசியிலேயே குட்டி இறக்கிவிடுவது நல்லது. ஏற்றி அனுப்பிய பிறகு கொட்டகையைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மூன்று வாரமாவது வெயிலில் காயவிட்டுத்தான் அடுத்த குட்டி.