பளு தூக்கும் பெண்ணின் கூச்சத்தை எழுதுவது எப்படி?

"தன் உடம்பை நினைத்து வெட்கப்பட்டாள்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள், அதில் எதுவுமே தெரியாது. அவளைத் தையல் கடைக்குக் கூட்டிப் போங்கள்; டெய்லரக்கா புஜத்தில் டேப்பைச் சுற்றி, அளவைப் பார்த்து, "கையை இறுக்காத கண்ணு" என்று சொல்லி மறுபடி அளக்கட்டும், இவளோ தளர்வாகத்தான் வைத்திருக்கிறாள். அப்புறம் கல்யாண போட்டோவில் துப்பட்டாவைத் தோள்மேல் இழுத்துவிடுவாள். மறுநாள் அதே தோள் 80 கிலோவைத் தூக்கும்போது பெருமையும் வரணும், இல்லாவிட்டால் பாதிப் பெண்ணைத்தான் எழுதியிருப்பீர்கள்.

காலத்தையும் பாருங்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் பளுதூக்குதல் நுழைந்ததே 2000இல், சிட்னியில்தான். அங்கே இந்தியாவின் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். கதை 1990இல் நடந்தால், வீட்டில் சொல்லி வாதாட அவளுக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது.

சரி, அம்மா? தயவுசெய்து வில்லியாக்காதீர்கள். "உன்னை யாருடி கட்டிக்குவான்" என்றபடியே இரண்டு முட்டை கூடுதலாக அவிப்பாள்.