டிடெக்டர் சிமுலேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கத்தில் ஜியான்ட்4 (துகள்கள் பொருளுக்குள் எப்படிப் போகும் என்று கணித்துக்காட்டும் மென்பொருள்) வைத்து புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் வருடா வருடம் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அலகு எழுத மறப்பது, ஜியோமெட்ரி ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது எல்லாம் தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படிந்த ஆற்றலை அளந்த ஆற்றலாக எடுத்துக்கொள்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். துகள் படிகத்துக்குள் எவ்வளவு ஆற்றலை விட்டது என்பதை மட்டும்தான் மென்பொருள் சொல்கிறது. சோடியம் அயோடைடு படிகத்தின் முன்னால் சீசியம்-137 என்ற கதிரியக்க மூலத்தை வைத்து ஓட்டினால், 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஊசி போல ஒரு கோடு நிற்கும். நிஜ டிடெக்டரில் அந்த உச்சியின் அரை உயர அகலம் 7 சதவீதம் அளவுக்கு இருக்கும், அதாவது சுமார் 46 கிலோ எலக்ட்ரான் வோல்ட். படிகத்தில் பிறக்கும் ஒளித்துகள்களில் ஒரு பங்குதான் ஒளியை மின்துடிப்பாக்கும் போட்டோமல்டிபிளையரில் எலக்ட்ரானாகிறது. அந்த எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் கூடும், குறையும். ஒளியும் ஆற்றலுக்குச் சரியான நேர்விகிதத்தில் வராது. இதையெல்லாம் நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு மாணவர் மணவாளக்குறிச்சி மணலை அளந்தார். அதில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் உண்டு. தோரியம் சிதையும் வரிசையில் வரும் ஆக்டினியம்-228, 911, 969 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று இரண்டு கோடுகள் தரும். சிமுலேஷனில் இரண்டும் தனித்தனியாகப் பளிச்சென்று நின்றன. அளவீட்டில் 911-இன் தோளில் 969 ஒட்டிக்கொண்டு ஒரே மேடாக வந்தது. உடனே டிடெக்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, பழுதுபார்க்க அனுப்பிவிட்டார்கள். ஒரு குறையும் இல்லை என்று அது திரும்பி வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் உழைப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான்: ஆற்றல் தெரிந்த இரண்டு மூன்று மூலங்களை வைத்து அகலத்தை அளந்து, அது ஆற்றலோடு எப்படி மாறுகிறது என்று வளைகோடு பொருத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு நிகழ்வின் மொத்த ஆற்றலையும் அந்த அகலத்துக்குப் பரப்புங்கள். துகள் நகரும் ஒவ்வொரு படியிலும் பரப்பக் கூடாது.

செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் டிடெக்டரில் ஆற்றலை அளக்கும் பகுதியான படிக கலோரிமீட்டரிலும், துகள் கற்றையைப் பாய்ச்சிச் செய்த சோதனையில் கிடைத்த பிரிதிறனில் (உச்சி எவ்வளவு அகலம் என்ற அளவு) ஒளி எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம், மின்னணு இரைச்சல், ஆற்றல் மாறினாலும் மாறாத 0.3 சதவீத உறுப்பு என எல்லாம் சேர்ந்திருந்தன. எல்லாப் படிகமும் ஒன்றுபோல என்று வைத்து ஓட்டும் சிமுலேஷனில் அந்த மூன்றாவது உறுப்பு முழுதாக வராது.

அகலமும் சிக்மாவும்

பரப்பும்போது கொடுக்க வேண்டியது சிக்மா, அதாவது திட்ட விலக்கம்; அரை உயர அகலத்தை 2.355-ஆல் வகுத்துவிட்டுப் போடுங்கள்.

விதை எண்

சிமுலேஷனின் சீரற்ற எண்கள் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். பல கணினிகளில் ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் வேறு எண் கொடுங்கள்.

0.7 மி.மீ. கட்

இதைவிடக் குறைந்த தூரமே போகக்கூடிய புதுத் துகள்களை மென்பொருள் உருவாக்காது. தானாக வரும் இந்த எல்லை மெல்லிய அடுக்குகளுக்கு ஆகாது. ஈயமும் சிண்டிலேட்டரும் (துகள் பட்டால் ஒளிரும் பொருள்) மாறி மாறி வரும் கலோரிமீட்டரில், ஈயத்திலிருந்து தப்பி அடுத்த அடுக்குக்குப் போக வேண்டிய குறுகிய வீச்சு எலக்ட்ரான்கள் பிறக்காமலே போய்விடும். கட்டைக் குறைத்துக்கொண்டே போய், பிரிதிறன் மாறாமல் நிற்கிற இடத்தைப் பிடியுங்கள்.