கூத்தை வீடியோவுக்கும் பாட்காஸ்ட்டுக்கும் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கியாரின் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசி நாள்களில் அர்ச்சுனன் கம்பம் ஏறும் தபசும் துரியோதனன் சாயும் படுகளமும். இவற்றைப் பற்றி எழுதிவந்தவர்கள் இப்போது போனையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு களத்துக்கு வருகிறார்கள். வரவேண்டும். ஆனால் எழுதும்போது இருந்த ஒரு வசதி இங்கே இல்லை. எழுத்தில் விட்டுப்போனதை மறுநாள் கூத்து நடத்தும் வாத்தியாரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்; பதிவில் விட்டது விட்டதுதான். அதனால் பெரும்பாலான தவறுகள் கூத்து தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. அவற்றில் ஒலி சம்பந்தப்பட்டவையே அதிகம்.

கேமராவுக்குச் செலவழித்து ஒலியைக் கைவிடுவது

கொஞ்சம் மங்கலான படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பாட்டின் சொல் புரியவில்லை என்றால் இரண்டாவது நிமிடத்தில் போய்விடுவார்கள். கூட்டத்துக்கு நடுவே போனைப் பிடித்து எடுக்கும் பதிவில் கேட்பது ஆடுபவரின் குரல் அல்ல. மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் குரல். அந்தக் குழாய் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் அலறவிடும். மத்தளத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், அதில் கேட்காது. உச்ச ஒலியில் ஊதும் சின்னக் குழல் வாத்தியமான முகவீணை காதைக் கிழிக்கும்.

சரியான வழி, சவுண்ட் செட் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக ஒரு இணைப்பு எடுப்பது. எடுக்கவேண்டிய இடம் பின்பக்கத்தில் 'லைன் அவுட்' அல்லது 'ரெக்கார்ட் அவுட்' என்று எழுதிய துளை. ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் திருகுமுனையில் ஒருபோதும் ரெக்கார்டரை இணைக்காதீர்கள். ஊர்ப் பக்கம் ஓடும் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அந்த முனைகளில் 70 அல்லது 100 வோல்ட் வரை வரும். ரெக்கார்டர் அந்த நொடியே போய்விடும். சவுண்ட் செட்காரரிடம் மாலை 6 மணிக்கே போய்ப் பேசி, ஒயரைச் சோதித்துவிட வேண்டும். வேஷக்காரரை மறைத்துத் துணித்திரை பிடித்த பிறகு அவருக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

இந்த ஒரு இணைப்போடு நின்றுவிடுவது அடுத்த தவறு. மைக்குக்குள் போனது மட்டும்தான் லைன் அவுட்டில் வரும். சலங்கை வராது, பின்பாட்டு பாதி வரும், கூட்டத்தின் சிரிப்பு வரவே வராது. ஆகவே இரண்டாவதாக ஒரு கையடக்க ரெக்கார்டரை, வாத்தியக்காரர்கள் உட்காரும் பெஞ்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி, தலை உயரத்தில், குழாய்க்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். காற்றுக்குப் பஞ்சு உறை போடுங்கள். இரண்டையும் பிறகு சேர்க்கும்போது கவனம் வேண்டும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகிறது. ரெக்கார்டரை 17 மீட்டர் தள்ளி வைக்க நேர்ந்தால் அதில் ஒவ்வொரு சொல்லும் நொடியில் 20-ல் ஒரு பங்கு தாமதமாக விழும். அப்படியே சேர்த்தால் கிணற்றுக்குள் பாடுவதுபோல எதிரொலிக்கும். தொடக்கத்தில் ஒரு கைதட்டலைப் பதிந்துவைத்தால் இரண்டு தடங்களையும் அதைக்கொண்டு நகர்த்திப் பொருத்தலாம்.

ரெக்கார்டரில் வைக்கவேண்டிய அளவு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரண வசனம் மைனஸ் 20 டெசிபல் பக்கம், உச்சம் மைனஸ் 12-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 10 மணிக்கு விநாயகர் துதியை வைத்து அளவு பிடித்தால், 2 மணிக்குத் துச்சாதனன் வரும்போது ஒலி சிதறும். வேஷக்காரர் உச்சத்தில் பாடும் ஒரு விருத்தத்தின் நாலு வரியை முன்கூட்டியே கேட்டு வாங்கி அதை வைத்துப் பிடியுங்கள். ரெக்கார்டரில் தாழ்ந்த அளவில் இன்னொரு நகல் எடுக்கும் வசதி இருந்தால் கட்டாயம் போட்டுவையுங்கள்.

மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருமானால் உங்கள் ரெக்கார்டரை அதே இணைப்பில் மாட்டாதீர்கள். ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டரும் ஒரே மின்வழியில் இருந்து, நடுவில் ஒலி ஒயரும் போனால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ராத்திரி முழுக்க அடியில் ஓடும். பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓட்டுங்கள்.

விளக்கு, கண்ணாடி, கால்

போன் கேமரா பெரும்பாலும் நொடிக்கு 30 படம் எடுக்கும்படிதான் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டிலும் மலிவான எல்இடி விளக்கிலும் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடும். நொடிக்கு 25 படம், ஷட்டர் நொடியில் 50-ல் ஒன்று அல்லது 100-ல் ஒன்று என்று வைத்தால் போய்விடும். இதற்கு போனில் கையால் அளவு மாற்றும் செயலி வேண்டும்.

ஆட்டோவில் விட்டால் இன்னொரு கெடுதல். பின்னால் இருட்டு, முன்னால் அரிதாரம் பூசிய பளபளக்கும் முகம். கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். முகத்தில் வரைந்த கோடெல்லாம் வெளுத்துப்போகும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்துப் பூட்டிவிடுங்கள். நிற அளவையும் (ஒயிட் பேலன்ஸ்) பூட்டுங்கள். இல்லாவிட்டால் கிரீடத்தின் கண்ணாடித் துண்டு திரும்பும் போதெல்லாம் துரியோதனன் முகம் நிறம் மாறும்.

பெரிய தவறு, முகத்தை மட்டுமே நெருக்கி எடுப்பது. சினிமா பார்த்துப் பழகிய கண் அதைத்தான் தேடும். கூத்தின் பாதி காலில் இருக்கிறது. தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமும் கட்டி வேஷக்காரர் சுழலும்போது சலங்கைக் கால் எங்கே விழுகிறது என்பது தெரியாத பதிவு, பயிலும் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கும் உதவாது. ஒரு கேமரா அசையாமல், கிரீடத்தின் நுனியிலிருந்து பாதம் வரையும், பின்னால் பெஞ்சும் தெரியும்படி விடிய விடிய நிற்கட்டும். நெருக்கமான படத்துக்கு இரண்டாவது போன். ஸ்டாண்டைப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களுக்கு முன்னால் நாட்டாதீர்கள். ஓரத்தில், சற்று உயரமாக வையுங்கள். கூத்து முதலில் அவர்களுக்கானது.

அர்ச்சுனன் தபசைப் பகலில் எடுக்கும்போது கணக்கு வேறு. கம்பத்தின் உச்சியில் இருப்பவருக்குப் பின்னால் வெறும் வானம்தான். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி இடம் பிடிக்காவிட்டால் கிடைப்பது கறுப்பு உருவம் மட்டுமே. மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசும்போது, பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானை ஏந்தி முன்னே வருவார்கள். கூட்டம் ஒரே பக்கம் சாயும். ஸ்டாண்டை ஏதாவது தூணோடு கட்டுங்கள். அவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். படுகளத்தில் சாமி வந்து ஆடுபவர்களுக்கும் இதுவே. ட்ரோன் வேண்டாம். கூட்டத்தின் மேல் பறக்கவிடுவது ஆபத்து, அதன் இரைச்சல் பதிவையும் கெடுக்கும்.

கோப்புக் கணக்கு

1080 தரத்தில் எடுத்தால் மணிக்கு 7 முதல் 8 ஜிபி ஆகும். 8 மணி நேரக் கூத்துக்கு 60 ஜிபிக்கு மேல். 4கே என்றால் ஏறக்குறைய 3 மடங்கு. 24 பிட் ஸ்டீரியோ ஒலி மணிக்கு 1 ஜிபி. கார்டை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபாட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. சில கேமராக்கள் 30 நிமிடத்தில் தானே நின்றுவிடும். நிற்கும்வரை காத்திருக்காமல், ஒரு வேஷம் உள்ளே போய் அடுத்த வேஷத்துக்குத் திரை வரும் இடைவெளியில் நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுராத்திரி வரும் ஒரு அழைப்பு பதிவையே நிறுத்திவிடலாம்.

ஊர்ச் சம்மதம் போதும் என்று நினைப்பது

விழாக்குழுவும் தர்மகர்த்தாவும் சரி என்றால் கோயில் இடத்தில் நிற்கலாம். ஆடுபவரின் உரிமை அவர்களிடம் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துபவருக்குத் தனி உரிமை தருகிறது. அது 50 ஆண்டு நிற்கும். நடிகர், பாடகர், வாத்தியக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். சொற்பொழிவும் நிகழ்த்துதல்தான் என்று சட்டம் சொல்வதால், பாரதப் பிரசங்கியாரின் கதையை அவரைக் கேட்காமல் பாட்காஸ்ட்டில் போடக்கூடாது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவின்படி, தன் பெயரைச் சொல்லவேண்டும் என்று கேட்கவும், பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. நேரத்துக்காகச் சுருக்குவது சிதைப்பதில் சேராது.

ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள்: எங்கே வெளியிடுவீர்கள், முழுசாகவா துண்டாகவா, வருமானம் வந்தால் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, எவ்வளவு, எடுக்கச் சொன்னால் எத்தனை நாளில் எடுப்பீர்கள். வாத்தியார் கையெழுத்து மட்டும் போதாது. ஆடும் ஒவ்வொருவரிடமும் வாங்குங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக்காட்டி, அவர் சம்மதத்தைக் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். வேஷம் கட்டும் இடத்தில் கேமராவுக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

இதில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். அவன் பேச்சு அந்த ஊருக்கு, அந்த ராத்திரிக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் சொன்னது. அதில் கொச்சை இருக்கும், ஊர்ப் பெரியவரைச் சீண்டல் இருக்கும். அதை மட்டும் 40 நொடி வெட்டி ஷார்ட்ஸில் போட்டால், முன்பின் இல்லாமல் அது வசையாக மாறும். பதில் சொல்ல வேண்டிவருவது அந்தக் கலைஞன். அப்படிப் போடாதீர்கள். மறுபக்கம், நீளம் குறைக்க அவனை முழுசாக நீக்குவதும் தவறு. ராஜா பாட்டில் சொன்னதைப் பேச்சில் புரியவைப்பது அவன்தான். அவன் போனால் வெளியூர்க்காரருக்குக் கதையே போய்விடும்.

வீடியோவின் ஒலியைப் பாட்காஸ்ட் என்று போடுவது

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கூத்தில் யார் வந்தார், யார் போனார் என்று தெரியாது. நடுவில் 4 நிமிடம் வெறும் தாளமும் சலங்கையும் இருக்கும். பாட்காஸ்ட்டுக்கு வேறு அமைப்பு வேண்டும். 25 நிமிடத்தில் ஒரு காட்சி போதும். யார் திரைக்குப் பின்னால் நிற்கிறார், என்ன கோபத்தில் வருகிறார் என்று 2 நிமிடம். பிறகு அவர் திரைக்குப் பின்னால் நின்று பாடும் திரை விருத்தம் முழுசாக. பிறகு பாடியவரே அதை வரி வரியாகச் சொல்வது. பிறகு அந்தக் காட்சியில் இரண்டு வேஷங்கள் வாதாடிப் பாடும் தர்க்கப் பாட்டு.

எழுதிய கட்டுரையை அப்படியே வாசிப்பதும் எடுபடாது. கண் திரும்பிப் படிக்கும், காது திரும்பிப் போகாது. வாக்கியத்தை உடையுங்கள், பெயரை அடிக்கடி சொல்லுங்கள். 'அவர்' என்று நாலு முறை வந்தால் கேட்பவர் தருமனா வீமனா என்று தடுமாறுவார்.

பேட்டியை விடிந்த கையோடு எடுக்காதீர்கள். ராத்திரி முழுக்கப் பாடிய தொண்டை கட்டியிருக்கும், உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும். ஆடி மாதம் கழிந்து வேலை ஓய்ந்த பிறகு வீட்டுக்குப் போங்கள். வெறும் கான்கிரீட் அறை எதிரொலிக்கும். துணி மூட்டையும் பாயும் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். சட்டையில் குத்தும் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். 'கூத்து அழிந்துவருகிறதே, வருத்தமா?' என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். இந்த விருத்தத்தை யாரிடம் கற்றீர்கள், வேறு ஜமா இதை எப்படிப் பாடுகிறது, வேஷம் கட்ட எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அவர் பேச்சை ஏட்டுத் தமிழுக்குத் திருத்தாதீர்கள். ஓசூர் பக்கத்துக்காரர் தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒரு சொல் போட்டால் அப்படியே இருக்கட்டும். தேவையென்றால் பிறகு நீங்கள் விளக்கலாம்.

வெளியிடும்போது சத்தத்தை ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு), மோனோவுக்கு மைனஸ் 19 பக்கம் சமன்செய்யுங்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பேச்சுக்காக வால்யூமைக் கூட்டியவர் காதில் முகவீணை அறையக்கூடாது. பேச்சு மட்டும் உள்ள பகுதிக்கு 96 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 தாராளம். அரை மணி நேரம் 22 எம்பிக்குள் அடங்கும். அட்டைப்படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள் இருக்கட்டும்.

யூடியூபில் ஏற்றும்போது

கணக்கை போன் எண் கொடுத்து உறுதிசெய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்றவிடாது. உறுதிசெய்தால் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை போகலாம், ராத்திரிக் கூத்து முழுசாக அடங்கும். முழுப் பதிவில் காட்சி நேரங்களைக் குறியுங்கள். முதல் குறி 0:00-ல் தொடங்கவேண்டும், குறைந்தது 3 குறிகள் வேண்டும். அதோடு 8 முதல் 12 நிமிடக் காட்சி ஒன்றைத் தனியாகப் போடுங்கள். அது திரை பிடிப்பதில் தொடங்கட்டும், வசனத்தின் நடுவில் அல்ல.

கூத்துக்கு முன்னால் சவுண்ட் செட்டில் ஓடும் சினிமாப் பாட்டும் அம்மன் பாட்டும் பதிவில் இருந்தால் உரிமைக்கோரல் வரும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

'கூத்து பகுதி 7' என்ற தலைப்பை யாரும் தேடமாட்டார்கள். காட்சி, ஊர், ஜமா, தேதி என்று இந்த வரிசையில் எழுதுங்கள். விவரத்தில் வேஷக்காரர் முதல் தாளம் போட்டவர் வரை, சம்மதித்த எல்லோர் பெயரும் வரட்டும். ஜமாவுக்கு முழுப் பதிவின் நகலைப் பென்டிரைவில் கொடுங்கள். வெட்டாத மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள்.